ஒரே கன்னம், இரண்டு கேமரா

எந்தக் கம்பெனி கேமரா வாங்கலாம் என்று ஆஸ்பத்திரிகளில் படம் எடுக்கும் நீங்கள் கேட்டுச் சில நாட்களாகின்றன. நான் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதாக உங்களில் ஒருவர் குறைப்பட்டதும் காதுக்கு வந்தது. ஆஸ்பத்திரிப் படப்பிரிவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவரிடம் ஒரு வரியில் பதில் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் என்னிடம் அந்த ஒரு வரி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இப்போது உங்கள் முன்னால் இன்னும் அதிகமான வகைகள் இருக்கின்றன. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. எங்கள் காலத்தில் டிஎஸ்எல்ஆர் மட்டும்தான். அதில் போட்டிக்கு நின்றவை இரண்டு கம்பெனிகள். பெயர்களை எழுதப் போவதில்லை. எங்களிடம் ஏற்கெனவே இருந்ததைப் பழைய கம்பெனி என்றும், எதிரே நின்றதைப் புதிய கம்பெனி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே நல்ல கேமராக்கள்தான் செய்தன. நான் சொல்லப்போவதில் எந்தக் கம்பெனியின் குற்றமும் கிடையாது.

எங்கள் படம் எடுக்கும் அறை தோல் பிரிவுக்கும் கண் பிரிவுக்கும் நடுவில் இருந்தது. கல்யாண வீட்டில் எடுக்கும் படத்துக்கும் நாம் எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நோயாளி சில வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, போன தடவை அந்தத் தோல் எப்படி இருந்தது என்பது டாக்டருக்கு நினைவிருக்காது. ஓ.பி.யில் அவர் பார்க்கும் முகங்கள் அத்தனை. அவருடைய நினைவுக்குப் பதிலாக நாம் ஒரு படத்தைக் கொடுக்கிறோம். அதைப் பார்த்து அவர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார்.

ஒரு நாள் எங்கள் பழைய கேமராவின் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. படம் எடுத்தால் பாதி முகம்தான் வந்தது, மீதி கறுப்பு. திருச்சிக்கு எடுத்துப்போனேன். அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது என்று கையை விரித்தார்கள். லென்ஸ் மட்டும் நன்றாக இருந்தது. மேக்ரோ லென்ஸ், மச்சத்தின் மேலிருக்கும் ஒற்றை முடியைக்கூடப் பிரித்துக் காட்டும்.

அப்போதுதான் குழப்பம் தொடங்கியது. பழைய கம்பெனியின் புது பாடி ஒன்றை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, வாங்கினால் அந்த லென்ஸை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் லென்ஸுக்குள் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் இல்லை. எங்கள் பணத்துக்கு எட்டிய பாடியிலும் மோட்டார் இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். என் கண்ணில் அப்போதே புரை விழத் தொடங்கியிருந்தது. சொறியும் குழந்தைகள் ஒரு நொடி அசையாமல் இருப்பதில்லை. புதிய கம்பெனிக்குப் போனால் பாடியோடு லென்ஸும் வாங்க வேண்டும், ஏனென்றால் மாட்டும் வளையமே வேறு. ஆனால் பக்கத்தில் கண் பிரிவில் அந்தக் கம்பெனி கேமராதான் இருந்தது. பேட்டரி, ஃபிளாஷ், லென்ஸ் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கும்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் புதிய கம்பெனி என்றார். தியேட்டரில் குறைந்த வெளிச்சத்திலும் நன்றாக எடுக்கிறதாம். எலும்பு டாக்டர் தன் சொந்தக் கேமராவைக் கொண்டுவந்து காட்டி, பழைய கம்பெனிதான் உறுதி என்றார். எங்கள் தோல் டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் இளையவர். அதிகம் பேச மாட்டார். உங்களுக்கு எது கைக்கு வாகோ அதை வாங்குங்கள், எனக்குக் கிட்டத்தில் தெளிவாக இருந்தால் போதும் என்று முடித்துக்கொண்டார். டீலர் இரண்டையும் பார்க்கக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி ஸ்டெல்லாவின் கையையும் ஒரு வாழைப்பூவையும் இரண்டிலும் எடுத்தேன். ஸ்டெல்லா காலையில் ஒன்றை நல்லது என்றாள், சாயங்காலம் மற்றதை நல்லது என்றாள். அவள் மாற்றிச் சொன்னபோது எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. அந்த அளவுக்குத்தான் இருந்தது என் தெளிவு.

கடைசியில் சேவியரிடம் போனேன். கீழவாசலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான், நானும் அவனும் ஒரே சர்ச்சின் பங்கில் வளர்ந்தவர்கள். கல்யாணப் படங்களுக்கு நீடாமங்கலம், மன்னார்குடி வரை அவனைத் தேடிக் கூப்பிடுவார்கள். அவன் பழைய கம்பெனியிலிருந்து புதியதற்கு மாறியிருந்தான்.

“இதுல எடுத்தா முகத்துக்கே ஒரு களை வருதுடா,” என்றான். “கன்னத்துல லேசா ஒரு செவப்பு ஏறி, ஆள் உசுரோட நிக்கற மாதிரி இருக்கும். ஆல்பத்தப் பாத்துட்டு ஒரு வீட்டுலயும் குறை சொன்னதில்ல.”

எனக்கு அது நல்ல சேதியாகவே பட்டது. புதிய கம்பெனியையே எழுதிக் கொடுத்தேன். கேமரா வந்தது, லென்ஸ் வந்தது. அதே சமயத்தில் நிர்வாகம் எங்கள் வரிசை அறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்கும் மாட்டியது. அறையே புதிதாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் கலைச்செல்வி வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம், அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான் என்பதை அவர் கணவர் ஒரு தடவை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கணவர் சொந்தமாகவும் குத்தகைக்குமாக விவசாயம் செய்தார். அன்று நடவு ஆட்களை வயலில் விட்டுவிட்டு வந்திருந்தார்; பேன்ட் மடிப்பில் சேறு காய்ந்திருந்தது.

டீச்சருக்குக் கன்னத்திலும் முன்கையிலும் சிவந்த தடிப்பு. தோலோடு நிற்காமல் சில பேருக்குச் சிறுநீரகம் வரை போகக்கூடிய நோய். வீரியமான மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிடும் காலம் முழுக்கக் கர்ப்பமாகக் கூடாது. நிறுத்திய பிறகும் சில மாதம் பொறுக்க வேண்டும். கல்யாணமாகி வருடங்கள் ஓடியிருந்தன. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, சில மாதங்களுக்கு முன்னால்தான் முழுக்க நிறுத்தியிருந்தார் டாக்டர். தோல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். அமைதியாக இருந்தால் அவர்கள் குழந்தைக்கு முயலலாம்.

டீச்சர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தையும் முன்கையையும் எடுத்தேன். புதுக் கேமராவில் அவருடைய முதல் படம் அது. அதை டாக்டர் அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, நானும் கூடப் போனேன். திரையில் இடப்பக்கம் போன தடவைப் படம், வலப்பக்கம் இன்றையது.

இடப்பக்கத்துக் கன்னம் பழுப்பாக, அடங்கியிருந்தது. வலப்பக்கத்துக் கன்னம் சிவந்திருந்தது.

டாக்டர் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். வெயிலில் நின்றீர்களா என்று கேட்டார். பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை நடந்ததாகவும், குடை பிடித்துக்கொண்டுதான் நின்றதாகவும் டீச்சர் சொன்னார். இந்த நோய்க்கு வெயில் ஆகாது. டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கமாக டீச்சரின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். மாநிறத் தோலில் லேசான சிவப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்வது கஷ்டம். அதற்குத்தானே படம்.

வீட்டுக் கண்ணாடியில் தனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார் டீச்சர். பிறகு அவரே, தினமும் பார்க்கிற முகம், எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டார். கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிடலாம், தள்ளிப்போடுவது ஆபத்து என்று சொல்லிவிட்டு டாக்டர் பேனாவை எடுத்தார்.

நான் கன்னத்தை விட்டுவிட்டு முன்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டின் உள்பக்கத்தில் அவருக்கு எப்போதும் நோய் வந்ததில்லை, வெயிலும் படாது. அந்த இடமும் பழைய படத்தைவிடக் கொஞ்சம் சிவந்திருப்பது போல இருந்தது. இருந்ததா, இருப்பது போலத் தோன்றியதா? சொல்லத் தெரியவில்லை. கேமராவாக இருக்கலாம். விளக்காக இருக்கலாம், வெள்ளையடித்த சுவராகவும் இருக்கலாம். ஒத்திகை வெயிலில் நோய் நிஜமாகவே திரும்பியிருக்கலாம். அதுவும் இதுவும் சேர்ந்தும் இருக்கலாம். நான் வாய் திறந்து, அதனால் மாத்திரை தாமதமாகி, நோய் உள்ளே இறங்கிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு, ஒரு கேமராவின் நிறத்துக்காக இவர்கள் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கி, குழந்தை ஆசையைத் தள்ளிவைத்துவிட்டால்? இதில் எது பெரிய தப்பு என்று யோசிக்க எனக்கு ஒரு பேனா காகிதத்தைத் தொடும் நேரம்தான் இருந்தது.

டாக்டரைப் படம் எடுக்கும் அறைக்கு ஒரு நிமிஷம் வரச் சொன்னேன். அவர் அசையவில்லை.

“இங்கயே சொல்லுங்க சார். அவங்க முகத்தப் பத்தித்தானே.”

“இந்தப் படம் வேற கேமரா, டாக்டர். லென்ஸும் வேற, அறையில லைட்டும் மாறியிருக்கு.”

“அதனாலதான் செவப்பாத் தெரியுதுன்னு சொல்றீங்களா?”

“அப்படிச் சொல்ல முடியலைங்க. இல்லைன்னும் சொல்ல முடியலை.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தெரியலைங்க டாக்டர்.”

இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியின் எதிரில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. படப்பிரிவு ஆளுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும் என்பது போல டீச்சரின் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பழைய மாதிரியே எடுத்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டார்.

லென்ஸ் அலமாரியில் இருந்தது. பாடிதான் வேண்டும். சேவியரிடம் பழைய கம்பெனி பாடி ஒன்று இரண்டாவது கேமராவாக இருந்தது நினைவுக்கு வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. முகூர்த்த நாள். ஸ்டுடியோவில் கேட்டு, அவன் இருந்த கல்யாண மண்டபத்துக்கு வண்டியை விட்டேன். தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர்கள் மேடையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் சொன்னதைக் கேட்டான். கழுத்தில் தொங்கிய இரண்டாவது கேமராவைக் கழற்றி, லென்ஸைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பாடியை மட்டும் கொடுத்தான். பந்தி தொடங்குவதற்குள் திருப்பித் தந்துவிடு என்றான், வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து பழைய லென்ஸை மாட்டி, ஃபோகஸைக் கையால் திருப்பி, அதே நாற்காலியில் டீச்சரை உட்காரவைத்து எடுத்தேன். மூன்றாவது படமும் திரைக்கு வந்தது.

அது நடுவில் நின்றது. பழைய படத்தைவிடச் சிவப்பு, காலையில் எடுத்ததைவிடக் குறைவு.

பாடி அதே கம்பெனி, ஆனால் வேறு மாடல். லென்ஸ் அதேதான், ஆனால் விளக்கு வேறு. கழற்றிய டியூப்லைட்டுகளைக் கேட்டேன், லாரியில் ஏற்றிவிட்டார்களாம். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொரு குழப்பத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்பதற்கு வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார், திரையை அணைத்தார், நாற்காலியை டீச்சர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

படங்களை இன்று நம்ப முடியாது என்பதை அவர் டீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னார். முன்கையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பலாம், ரத்தமும் சிறுநீரும் பார்க்கலாம், முடிவு வரச் சில நாளாகும் என்றார். அதுவரை மாத்திரையைத் தொடங்காமல் காத்திருக்கலாம், ஆனால் அதிலும் சின்ன ஆபத்து உண்டு என்றார். காய்ச்சல், மூட்டு வலி, முக வீக்கம் எது வந்தாலும் உடனே வந்துவிட வேண்டும். பயாப்ஸி வேண்டாமென்றால் இன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிடலாம். இரண்டில் எதுவானாலும் நான் கூட இருக்கிறேன் என்றார்.

கணவர் மாத்திரையையே கொடுத்துவிடச் சொன்னார்.

“உடம்பு நல்லா இருந்தா போதுங்க. புள்ளையப் பத்தி அப்புறம் பாக்கலாம்.”

டீச்சர் அவர் பக்கம் திரும்பாமல் டாக்டரிடம்தான் பேசினார்.

“தெரியாமலே ஆரம்பிக்க வேணாம் டாக்டர். கையில எடுத்துக்குங்க.”

அடுத்து வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். பேசியது சரி என்ற நிம்மதி எனக்கு வரவில்லை. சாப்பிடும்போதும், வண்டி ஓட்டும்போதும் அந்த மணிக்கட்டுதான் கண்ணில் நின்றது. ஒரு சமயம் அது சிவப்பாகத் தெரிந்தது, இன்னொரு சமயம் இல்லை. என் கையையே புதுக் கேமராவில் மறுபடி மறுபடி எடுத்து, பழைய படங்களோடு வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எது என் கையின் நிஜமான நிறம் என்பதே எனக்கு மறந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் நின்றவரின் கழுத்தைப் பார்த்து, இதைப் புதிய கம்பெனி எப்படிக் காட்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா முழங்கையால் இடித்தாள்.

போன் அடிக்கும்போதெல்லாம் டீச்சருக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லப்போவதாக நினைப்பு. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவருக்கும் அப்படித்தான் இருப்பதாகச் சொன்னார்.

முடிவு வந்த அன்று டாக்டர் என்னையும் கூப்பிட்டனுப்பினார். டீச்சரும் கணவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பயாப்ஸியில் நோய் எரிந்துகொண்டிருக்கும் அடையாளம் எதுவும் இல்லை, பழைய தழும்பும் நிறமாற்றமும்தான் இருக்கின்றன என்றார் டாக்டர். ரத்தமும் சிறுநீரும் சரியாக இருந்தன. மாத்திரை வேண்டாம். கணவர் எழுந்து நின்றார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல மறுபடி உட்கார்ந்தார். டீச்சர் பயாப்ஸிக் கட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தார்.

சிவப்பு கேமராவால்தான் வந்தது என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் வரவில்லை. பயாப்ஸி கையில் எடுத்தது, கன்னத்தில் எடுக்கவில்லை. இடையில் போன நாட்களில் வெயிலின் சிவப்பு தானாக அடங்கியிருக்கலாம். இரண்டு கேமராவில் எது நிஜத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று என்னைக் கேட்டால், அன்று டாக்டரிடம் சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்வேன். அதற்குப் பிறகு, தொடர்ந்து வரும் நோயாளிகளுக்குப் புதுக் கேமராவில் எடுப்பதைப் பழையதோடு ஒப்பிடாமல் புது முதல் படமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள டாக்டர் முடிவு செய்தார். நிறம் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க, ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு நிற அட்டையை வைக்கத் தொடங்கினேன். ஆகவே நீங்கள் எந்தக் கம்பெனியை வேண்டுமானாலும் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் அலமாரியில் இருக்கும் பழைய படங்கள் எதில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மாற்றும் விஷயத்தை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், விளக்கை அதே மாதத்தில் மாற்ற விடாதீர்கள். குழப்பம் வந்தால் குழப்பம் என்றே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று டாக்டர் அறையிலிருந்து கிளம்பும்போது டீச்சர் மட்டும் என் அறை வாசலுக்கு வந்தார். அந்தச் சிவந்த படத்தை அழித்துவிட முடியுமா என்று கேட்டார். அதைப் பார்த்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கவே பயமாக இருந்ததாம். நானும் அதை அழித்துவிட ஆசைப்பட்டேன் என்பதே உண்மை. ஆனால் நோயாளியின் படத்தை நாம் அழிக்கக் கூடாது. நாளைக்கு இன்னொரு டாக்டர் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். முடியாது என்று சொன்னேன். அவரை உள்ளே கூப்பிட்டு, அவர் எதிரிலேயே அந்தப் படத்தின் கீழே, இது வேறு கேமரா, வேறு விளக்கு, முந்தைய படங்களோடு ஒப்பிடக் கூடாது என்று தட்டச்சு செய்தேன். அவர் நின்றபடியே அதைப் படித்தார்.

“அப்ப இந்தப் படம் தப்புதானே சார்?”

“தப்பில்லைங்க டீச்சர். தனியாப் பாத்தா இதுவும் உங்க முகம்தான்.”

அவர் திரையில் இருந்த தன் கன்னத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், முகத்தை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.